ஆயில் என்ஜினின் எண்ணெய் வடிகட்டி: அடைப்பை அறிதலும் மாற்றும் முறையும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் பயிர்த்தொழில் இருவகைத் தண்ணீரை நம்பி நடைபெறுகிறது. ஒன்று, பெரியாற்றிலிருந்தும் வைகையிலிருந்தும் கால்வாய் வழியே வருவது. மற்றொன்று, கிணற்றிலிருந்து இறைத்துக் கொள்வது. 1895-ல் பெரியாற்று அணை கட்டி முடிந்த பின்னரும், 1959-ல் வைகை அணை பயனுக்கு வந்த பின்னரும், கிணறுகளின் அவசியம் குறைந்துவிடவில்லை. பேரணை முதல் கள்ளந்திரி வரையிலுள்ள சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இருபோக நிலத்துக்கு ஜூன் மாதத்திலும், அதற்கு அப்பாலுள்ள மேலூர், திருமங்கலம் ஒருபோகப் பகுதிகளுக்குச் செப்டம்பர் மாதத்திலும் தண்ணீர் திறந்துவிடுவது வழக்கம். அணையில் இருப்புக் குறைந்த ஆண்டுகளில் இத்தேதிகள் தள்ளிப்போவதும், திறந்த தண்ணீரை முறை வைத்து விடுவதும் உண்டு. அப்பொழுது கடைமடை நிலங்களில் நாற்றைக் காப்பதும், கதிர் வந்த பயிரைக் கரைசேர்ப்பதும் கிணற்றுத் தண்ணீரே. கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களில் மல்லிகை, காய்கறி, பருத்தி முதலியவற்றைப் பயிரிடுவோருக்கோ கிணற்றைத் தவிர வேறு கதியில்லை.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருவதால், பெரும்பான்மையான கிணறுகளில் மின்சார மோட்டார்களே ஓடுகின்றன. ஆயினும், மின் இணைப்புக்காகக் காத்திருப்போரும், மின்கம்பம் எட்டாத நிலமுடையோரும், வாய்க்காலிலிருந்தோ ஊருணியிலிருந்தோ தற்காலிகமாக நீரேற்றுவோரும் டீசலால் ஓடும் ஆயில் என்ஜினையே நாடவேண்டியிருக்கிறது. இவ்வித என்ஜின்களில் நேரும் கோளாறுகளுள் மிகச் சாதாரணமானதும், அதே சமயத்தில் மிகவும் தவறாகக் கையாளப்படுவதும், எண்ணெய் வடிகட்டியில் உண்டாகும் அடைப்பாகும். டீசல் பில்டர் என்று கடைகளில் வழங்கும் இச்சிறு உறுப்பைப் பற்றி ஒவ்வொரு நிலச்சுவான்தாரும் அறிந்திருக்கவேண்டிய விஷயங்கள் இங்கே விவரிக்கப்படுகின்றன.

கமலையிலிருந்து என்ஜினுக்கு

முற்காலத்தில் மாடு பூட்டிய கமலையே இப்பக்கத்தில் நீரிறைக்கும் சாதனமாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர், ஆயில் என்ஜினையும் பம்பையும் கொண்டு கிணற்று நீரை இறைக்கும் சோதனைகளைச் சென்னை மாகாணத்தில் நடத்தி, அம்முறை பரவுவதற்கு வழிகோலினார். ஜெர்மனி தேசத்தில் ருடால்ப் டீசல் என்பவர் 1897-ல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய என்ஜினே இன்று அவர் பெயரால் வழங்குகிறது. 1946-ல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் கம்பெனி தோன்றிய பின்னர், இந்தியாவிலேயே செய்த டீசல் என்ஜின்கள் கிராமங்களில் ஏராளமாய்ப் பரவின.

கமலையில் கோளாறு நேர்ந்தால் வடத்தையோ சாலையோ உடனே பார்த்துச் சரிசெய்துவிடலாம். என்ஜினின் கோளாறு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் காரணத்தை அறியாமல் கையில் கிடைத்த திருகையெல்லாம் கழற்றுவதால், சிறு கோளாறு பெருங்கோளாறாக முடிகிறது. ஆகவே, எண்ணெய் செல்லும் வழியை முதலில் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

எண்ணெய் செல்லும் வழி

சாதாரணமான 5 குதிரைச் சக்தி என்ஜினில், டீசல் டேங்க் மேலே அமைந்திருக்கும். டேங்கிலிருந்து எண்ணெய் தன் கனத்தினாலேயே ஒரு குழாய் வழியாக இறங்கி வடிகட்டிக்குள் வரும். வடிகட்டி என்பது ஒரு கிண்ணம். அதனுள் மடித்த காகிதத்தாலோ, துணி அல்லது கம்பளிப் பட்டையாலோ செய்த உட்பகுதி ஒன்று இருக்கிறது. இவ்வுட்பகுதியைக் கடைகளில் ‘எலிமெண்ட்’ என்பர். எண்ணெய் இதனூடே கசிந்து, தூசியை வெளியில் விட்டுவிட்டுத் தெளிந்து மறுபுறம் செல்லும். அங்கிருந்து இஞ்செக்‌ஷன் பம்பை அடையும். அப்பம்பு எண்ணெயைப் பேரழுத்தத்துடன் நாசிலுக்குத் தள்ள, நாசில் அதைப் புகைபோன்ற நுண்திவலைகளாகச் சிலிண்டருக்குள் பீச்சுகிறது.

இவ்வமைப்பில் வடிகட்டிக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்பதை அளவுகளைக் கொண்டே உணரலாம். நாசில் திறப்பதற்கு வேண்டிய அழுத்தம் பல என்ஜின்களில் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவில் இருக்கும். அது கார்ச் சக்கரத்திலுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ நூறு மடங்காகும். இவ்வளவு அழுத்தத்தில் எண்ணெய் பின்வாங்காமல் இருப்பதற்காக, இஞ்செக்‌ஷன் பம்பிலுள்ள தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளி மட்டுமே விடப்படுகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்விடைவெளி தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்களவே என்று சொல்லலாம். கண்ணுக்குப் புலனாகாத ஒரு மண்துகள் அதனுள் புகுந்தாலும் தண்டில் கீறல் விழும். கீறல் விழுந்த தண்டு அழுத்தத்தைத் தாங்காது. எண்ணெய் விரயமாகும், புகை மிகும், என்ஜினைக் கிளப்புவதே கடினமாகும். அத்துடன், இத்தண்டுக்கு மசகாக உதவுவதும் அந்த டீசலே. அதில் தண்ணீர் கலந்திருந்தால் மசகு கெட்டு, இரும்பில் துருவும் பிடிக்கும்.

இது நமது கிணற்று என்ஜின்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று. பனி பெய்யும் தேசங்களில் வீடுகளை வெப்பமூட்டுவதற்கு எண்ணெய் அடுப்புகளை வைத்திருக்கின்றனர். அங்கும் டேங்குக்கும் அடுப்புக்கும் இடையே இதேபோன்ற வடிகட்டி ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால் கடுங்குளிர் இரவில் வீடு குளிர்ந்துவிடும் என்பதால், குளிர்காலம் தொடங்குமுன்னரே அதை மாற்றிவிடுவது அங்குள்ளோர் வழக்கம். நம் பக்கத்தில் குளிருக்குப் பதில் கோடை; வீட்டுக்குப் பதில் பயிர். முன்கூட்டியே மாற்றவேண்டும் என்னும் நியாயம் இரண்டிடத்திலும் ஒன்றே.

வடிகட்டி அடைபடக் காரணங்கள்

வடிகட்டி அடைத்துக்கொண்டது என்றால் வடிகட்டி கெட்டுவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது தன் கடமையைச் செய்துவிட்டது என்பதே அதன் பொருள். உள்ளே போயிருக்கவேண்டிய அழுக்கை அது தடுத்து நிறுத்தியிருக்கிறது. ஆகவே, ‘வடிகட்டியை எப்படித் திறந்துவிடுவது’ என்று கேட்பதைவிட, ‘இவ்வழுக்கு எங்கிருந்து வந்தது’ என்று கேட்பதே விவேகம். அழுக்கு வரும் வழிகள் பெரும்பாலும் பின்வருவனவாம்.

முதலாவது, டீசலை வாங்கிவரும் கேன்கள். மூடியில்லாத கேன், பூச்சிமருந்துக்கு உபயோகித்த கேன், தண்ணீர் மொண்ட குடம் ஆகியவற்றில் எண்ணெய் கொண்டுவருவது அழுக்கை விலைகொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, நாகமுலாம் பூசிய வாளிகளும் தகரப் பாத்திரங்களும். டீசல் நாகத்தோடு நெடுநேரம் சேர்ந்திருந்தால் பிசின்போன்ற ஒரு பொருள் உண்டாகி, வடிகட்டியின் காகிதத்தில் படிந்து அடைத்துவிடும். முலாம் பூசிய பாத்திரத்தில் டீசலைத் தங்கவைத்தல் கூடாது.

மூன்றாவது, தண்ணீர். டேங்கைப் பாதி காலியாகப் பல நாள் விட்டுவைத்தால், இரவின் குளிர்ச்சியில் காற்றிலுள்ள ஈரம் டேங்கின் உட்புறத்தில் வேர்த்து எண்ணெயில் இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்கிருமிகள் பெருகி, பாசிபோன்ற வழவழப்பான கசடு உண்டாகும். இக்கசடு வடிகட்டியை வெகு சீக்கிரத்தில் அடைத்துவிடும்.

நான்காவது, களத்து மேட்டின் தூசி. தூற்றும் காலத்திலும், மேல்காற்று வீசும் ஆடி மாதத்திலும், திறந்த டேங்கின் வழியாகவும் புனலின் வழியாகவும் மண்ணும் பொட்டும் உள்ளே செல்லும். நூல் பிரியும் பழந்துணியால் எண்ணெயை வடிப்பதும் நன்றன்று. அத்துணியின் நூலே வடிகட்டியில் போய்ச் சேரும்.

அடைப்பின் அறிகுறிகள்

வடிகட்டி அடைபடத் தொடங்கிய என்ஜின் பாரமின்றி ஓடும்பொழுது நன்றாகவே ஓடும். பம்பு தண்ணீரைப் பிடித்துப் பாரம் ஏறியதும், ஓட்டம் தளர்ந்தும் விரைந்தும் மாறிமாறி நடக்கும். பின்னர் சிறிது சிறிதாக வேகம் குறைந்து நின்றுவிடும். சற்று நேரம் பொறுத்துக் கிளப்பினால் மறுபடியும் ஓடும், மறுபடியும் நிற்கும். என்ஜின் நின்றிருக்கும் நேரத்தில் எண்ணெய் மெல்லக் கசிந்து குழாயை நிரப்பிக்கொள்கிறது. ஓடத் தொடங்கியதும் அவ்வெண்ணெய் செலவாகி, புதிய எண்ணெய் போதிய அளவு வராமையால் நின்றுபோகிறது. இதுவே அதன் காரணம். எண்ணெய் குறைந்து நிற்கும் என்ஜின் பொதுவாகக் கரும்புகை விடுவதில்லை. கரும்புகை மிகுந்திருந்தால், காற்று வடிகட்டியின் அழுக்கு, நாசிலின் கோளாறு, அளவுக்கு மிஞ்சிய பாரம் ஆகியவற்றைச் சந்தேகிக்கவேண்டும்.

வடிகட்டியைக் கழற்றுமுன் மூன்று சோதனைகளைச் செய்துகொள்வது நலம்.

முதற்சோதனை, டேங்கின் மூடி. மூடியிலுள்ள சிறு துவாரம் மண்ணால் அடைபட்டிருந்தால், காற்று உட்புகாமல் எண்ணெய் இறங்காது. நிற்கும் தறுவாயில் மூடியைத் தளர்த்தியதும் என்ஜின் ஓடத் தொடங்கினால், குற்றம் மூடியிலேயே என்று அறியலாம். செலவின்றித் தீரும் கோளாறு இது.

இரண்டாஞ்சோதனை, டேங்கிலிருந்து வரும் குழாய். வடிகட்டிக்குள் நுழையும் இடத்தில் குழாயைக் கழற்றி, கீழே ஒரு பாத்திரத்தை வைத்து, டேங்கின் திருகைத் திறக்கவேண்டும். எண்ணெய் தாராளமாக விழுந்தால் டேங்கும் குழாயும் சுத்தமாயிருக்கின்றன. சொட்டுச் சொட்டாக விழுந்தால், அடைப்பு டேங்கின் வாயிலோ குழாயிலோ இருக்கிறது.

மூன்றாஞ்சோதனை, வடிகட்டியிலிருந்து வெளிவரும் குழாய். உள்ளே தாராளமாக வந்த எண்ணெய் வெளியே வரும்பொழுது மெலிந்து விழுந்தால், வடிகட்டியே அடைபட்டிருக்கிறதென்று ஐயமின்றி முடிவுசெய்யலாம்.

மாற்றும் முறை

வடிகட்டியை மாற்றுவதற்கு அதிகப் பொருள்கள் தேவையில்லை. அளவுக்கேற்ற ஸ்பானர் இரண்டு, அந்த என்ஜினுக்குரிய புதிய எலிமெண்ட், அதனுடன் வரும் ரப்பர் வளையங்களும் செம்பு வாஷர்களும், ஒரு சுத்தமான தட்டு, கழிவு எண்ணெய்க்கு ஒரு பாத்திரம், நூல் பிரியாத துணி ஆகியவையே போதும். எலிமெண்ட் வாங்கச் செல்லும்போது, என்ஜினின் பெயரையும், குதிரைச் சக்தியையும், மாடல் எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதிச் செல்லவேண்டும். இயன்றால் பழைய எலிமெண்டையே கொண்டுபோய்க் காட்டலாம். ஒத்த உயரமும் ஒத்த துவாரமும் இல்லாத எலிமெண்டைத் திணித்து வைத்தால், எண்ணெய் அதன் பக்கமாக வழிந்து வடிபடாமலேயே போய்விடும்.

வேலையைக் காற்றும் தூசியும் அடங்கிய காலைவேளையில் செய்வது உத்தமம். என்ஜினை நிறுத்திச் சூடு ஆறவிடவேண்டும். அருகில் பீடி, சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் இருக்கலாகாது. பின்வரும் வரிசை கவனிக்கத்தக்கது.

1. முதலில் வடிகட்டியின் வெளிப்புறத்தையும் அதைச் சார்ந்த குழாய்களையும் துடைத்துச் சுத்தம் செய்யவேண்டும். திறந்தபின் துடைத்தால் அழுக்கு உள்ளே விழும்.

2. டேங்கின் திருகை மூடவேண்டும். கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகு இருந்தால், பாத்திரத்தை வைத்து அதைத் திறந்து, தேங்கிய எண்ணெயை வெளியேற்றவேண்டும். அவ்வெண்ணெயை ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது நேரம் வைத்துப் பார்த்தால், தண்ணீர் இருக்குமானால் அடியில் பிரிந்து நிற்பது தெரியும்.

3. கிண்ணத்தைத் தாங்கும் நடு போல்ட்டைத் தளர்த்தி, கிண்ணத்தைக் கையால் ஏந்தி இறக்கவேண்டும். உள்ளேயுள்ள எலிமெண்ட், சுருள்வில், வாஷர் ஆகியவை எந்த வரிசையில் இருந்தனவோ அந்த வரிசையிலேயே தட்டில் எடுத்து வைக்கவேண்டும்.

4. கிண்ணத்தைச் சுத்தமான டீசலால் கழுவித் துடைக்கவேண்டும். பெட்ரோலை உபயோகிப்பது அபாயகரமானது. பஞ்சு வேஸ்டால் துடைத்தால் அதன் இழைகள் உள்ளே தங்கும்.

5. பழைய ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பள்ளத்தில் முறுக்கலின்றி அமர்த்தவேண்டும். பழைய வளையம் பார்வைக்கு நன்றாயிருந்தாலும் மறுபடி உபயோகிக்கலாகாது. அது காற்றுப் புகும் வாசலாகிவிடும்.

6. புதிய எலிமெண்டை உறையிலிருந்து கடைசி நேரத்தில்தான் எடுக்கவேண்டும். மேற்புறம் கீழ்ப்புறம் மாறாமல் வைத்து, கிண்ணத்தைப் பொருத்தி, போல்ட்டை அளவாக முறுக்கவேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் மரை அழிந்துபோகும்.

வடிகட்டி இரண்டு கிண்ணங்களாக அமைந்த என்ஜின்களில், முதற்கிண்ணத்திலுள்ள துணி அல்லது கம்பளிப் பட்டையைச் சுத்தமான டீசலில் அலசி மறுபடியும் உபயோகிக்கலாம் என்று சில கையேடுகள் அனுமதிக்கின்றன. இரண்டாவது கிண்ணத்திலுள்ள காகித எலிமெண்டை எக்காலத்தும் கழுவி உபயோகித்தல் கூடாது.

காற்றை வெளியேற்றுதல்

வடிகட்டியைத் திறந்து மூடிய பின்னர், குழாய்களில் காற்றுத் தங்கியிருக்கும். காற்று அழுத்தினால் சுருங்குமாதலால், இஞ்செக்‌ஷன் பம்பு தள்ளியும் நாசில் திறக்காது, என்ஜின் கிளம்பாது. புதிய வடிகட்டி போட்ட பின் என்ஜின் ஓடவில்லை என்று பதறி, வடிகட்டியைக் குறைகூறுவோர் பெரும்பாலும் இதைச் செய்யாது விட்டவர்களே. மெக்கானிக்குகள் இதை ‘ஏர் எடுத்தல்’ என்பர்.

டேங்கில் எண்ணெயை நிரப்பி, திருகைத் திறக்கவேண்டும். வடிகட்டியின் தலையிலுள்ள சிறு திருகை இரண்டொரு சுற்றுத் தளர்த்தினால் நுரையுடன் எண்ணெய் வெளிவரும். நுரை நின்று, எண்ணெய் தெளிந்த தாரையாக வந்ததும், அது ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே திருகை முறுக்கவேண்டும். அதன்பின் இஞ்செக்‌ஷன் பம்பிலுள்ள திருகையும் அவ்வாறே தளர்த்தி முறுக்கவேண்டும். டேங்கிலிருந்து தொடங்கி வரிசையாகச் செல்லவேண்டுமேயன்றி, முன்பின்னாகச் செய்தால் காற்று நடுவில் சிக்கிக்கொள்ளும்.

இறுதியாக, நாசிலுக்குச் செல்லும் கனத்த குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தி, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவைத்து, ஹேண்டிலால் என்ஜினைச் சுற்றவேண்டும். நட்டின் ஓரத்தில் எண்ணெய் குமிழியின்றி வெட்டிவெட்டி வந்ததும் அதை முறுக்கிவிட்டு என்ஜினைக் கிளப்பலாம். நாசிலைக் கழற்றி வெளியில் வைத்துப் பீச்சவிட்டுப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அத்தாரையின் முன் கையை நீட்டவே கூடாது. அப்பேரழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியில் ஊசி குத்திய அளவு புள்ளியே தெரிந்தாலும், உள்ளே சதை அழுகி விரலையே இழக்க நேரிடும். அவ்விதம் நேர்ந்தால் வலியில்லை என்று வாளாவிராமல், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

என்ஜின் ஓடத் தொடங்கியபின் கால் மணி நேரம் அருகிலிருந்து, எங்கேனும் கசிவு உண்டா என்று பார்த்து, மாற்றிய தேதியைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

செய்யத்தகாதவை

காகித எலிமெண்டை மண்ணெண்ணெயில் கழுவிப் பிரஷால் தேய்ப்பது ஒரு தவறு. மேலுள்ள அழுக்கு போவதுபோல் தோன்றினும், காகிதத்தின் நுண்துளைகள் கிழிந்து பெருந்துளைகளாகின்றன. எண்ணெய் தாராளமாக ஓடுவதைக் கண்டு விவசாயி திருப்தியடைகிறார். மண்ணும் அவ்வாறே தாராளமாக ஓடுவதை அவர் காண்பதில்லை.

எலிமெண்டில் ஆணியால் துளையிடுவதும், அதை அடியோடு எடுத்துவிட்டு வெறும் கிண்ணத்துடன் ஓட்டுவதும் இதனினும் பெரிய தவறுகள். தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், கடை எட்டாத தூரத்தில், ‘இன்று ஒருநாள் ஓடட்டும்’ என்று செய்யப்படும் காரியம் இது. அந்த ஒருநாள் ஒரு வாரமாகும். ஒரு வாரம் ஒரு பருவமாகும். எலிமெண்ட் ஒன்றின் விலை சில லிட்டர் டீசலின் விலைக்கு மேற்படாது. தேய்ந்துபோன இஞ்செக்‌ஷன் பம்பின் தண்டையும் நாசிலையும் மாற்றுவதற்கோ அதைப்போல் பல மடங்கு செலவாகும். பட்டறையில் காத்திருக்கும் நாட்களும் சேரும்.

டீசலுடன் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டுவதும் தகாது. மண்ணெண்ணெயில் மசகுத்தன்மை குறைவாதலால் பம்பின் தண்டு விரைவில் தேயும்.

நாள்கணக்கும் நஷ்டக்கணக்கும்

ஒரு நாள் நின்றால் என்ன நஷ்டம் என்று கேட்போர் பின்வரும் கணக்கைக் கவனிப்பார்களாக. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிற்பதற்கு ஏறத்தாழ 1,03,000 லிட்டர் வேண்டும். இரண்டு அங்குலம் பாய்ச்சுவதானால் 2,06,000 லிட்டர் ஆகிறது. வினாடிக்கு 10 லிட்டர் தரும் பம்பு மணிக்கு 36,000 லிட்டர் இறைக்கும். ஆகவே ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 5 மணி 45 நிமிஷம் ஆகும். நான்கு ஏக்கருக்கு 23 மணி நேரம் ஆகும். கிணற்றில் ஊற்றுச் சுரப்புக்கு ஏற்ப நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே இறைக்க முடியுமானால், நான்கு ஏக்கரையும் சுற்றிவர நான்கு நாட்கள் செல்லும். இந்நிலையில் என்ஜின் மூன்று நாள் நின்றுவிட்டால், கடைசி வயலுக்கு ஏழாம் நாள்தான் தண்ணீர் எட்டும். நெல் பூக்கும் தருணத்தில் மண் வெடித்துவிட்டால் மணிபிடிக்காமல் கதிர் சாவியாகும். பின்னர் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினும் அம்மணி திரும்பி வாராது. மூன்று மாத உழைப்பும், விதையும் உரமும், சில சமயங்களில் வாங்கிய கடனும், ஒரு காகிதச் சுருளின் பொருட்டு வீணாகின்றன.

ஆகவே, நின்ற பின் மாற்றுவதைவிட நிற்குமுன் மாற்றுவதே லாபம். என்ஜினுடன் வரும் கையேட்டில் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டுமென்று குறிக்கப்பட்டிருக்கும். பொதுவாக அது 250 மணி முதல் 500 மணி வரையில் அமையும். தூசி மிகுந்த களங்களில் குறைந்த அளவையே கொள்ளவேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடினால், 250 மணி என்பது ஏறத்தாழ 42 நாட்களில் வந்துவிடும். என்ஜின் கொட்டகையின் சுவரில் ஒரு சிறு நோட்டைத் தொங்கவிட்டு, தினந்தோறும் ஓடிய மணியைக் குறித்துவரவேண்டும். பயிர் நடுமுன் ஒருமுறை மாற்றிவிட்டு, மற்றோர் எலிமெண்டை உறை பிரிக்காமல் வீட்டில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

டீசலைப் பாதுகாக்கும் விதம்

டிரம்மில் டீசல் வைத்திருப்போர், அதை நிழலில், தரைக்கு மேல் கட்டைகளின்மீது படுக்கவைக்கவேண்டும். திருகு உள்ள பக்கம் சற்று உயர்ந்தும், எதிர்ப்பக்கம் தாழ்ந்தும் இருக்குமானால், தண்ணீரும் கசடும் பின்புறத்தில் தங்கும். டிரம்மை உருட்டிக் கொண்டுவந்தவுடன் எண்ணெய் எடுக்கலாகாது. ஒருநாள் முழுதும் அசையாமல் தெளியவிட்ட பின்னரே எடுக்கவேண்டும். அடியில் இரண்டு அங்குல எண்ணெயை என்ஜினுக்கு ஊற்றாமல் விட்டுவிடவேண்டும்.

டேங்கில் ஊற்றும்பொழுது நுண்ணிய பித்தளைக் கம்பி வலையிட்ட புனலை உபயோகிக்கவேண்டும். அப்புனலை வேறு காரியத்துக்கு எடுக்காமல் மூடிவைக்கவேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பிவைத்தால், உள்ளே காற்றுக்கும் ஈரத்துக்கும் இடமிராது. வாரத்துக்கு ஒருமுறை, என்ஜினைக் கிளப்புமுன், வடிகட்டியின் வடிகால் திருகைத் திறந்து சிறிதளவு எண்ணெயை வெளியேற்றிப் பார்ப்பதால், தண்ணீர் சேருகிறதா என்பது முன்னதாகவே தெரியும்.

கிணற்றினுள் இருக்கும் என்ஜின்

பம்பின் உறிஞ்சும் குழாய் நடைமுறையில் சுமார் 20 அடிக்கு மேல் தண்ணீரை இழுக்கமாட்டாதாதலால், நீர்மட்டம் தாழ்ந்த கிணறுகளில் என்ஜினையே கிணற்றினுள் மேடையமைத்து இறக்கிவைக்கும் வழக்கம் உண்டு. அங்கே வடிகட்டி மாற்றச் செல்வோர் ஓர் அபாயத்தை மறக்கலாகாது. என்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. காற்றோட்டமற்ற கிணற்றில் அது தங்கி, இறங்கியவரை மயக்கி மாய்த்துவிடும். அவரைத் தூக்கச் சென்றவரும் அவ்விதமே மடிவர். ஆகவே புகைக்குழாயைக் கிணற்றுக்கு வெளியே நீட்டிவைக்கவேண்டும். என்ஜின் ஓடும்பொழுது கிணற்றில் இறங்கலாகாது. நிறுத்திய பின்னரும் நெடுநேரம் காற்றாடவிட்டு, மேலே ஓர் ஆள் துணையிருக்க, இடுப்பில் கயிறு கட்டியே இறங்கவேண்டும்.

வடிகட்டியிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைக் கிணற்று மேட்டில் கொட்டுவதும் கூடாது. அது மண்ணில் இறங்கி ஊற்று நீரைக் கெடுக்கும். ஒரு மூடிய பாத்திரத்தில் சேர்த்துவைத்து, கழிவெண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்துக்கு

விவசாயிகள் எவ்வளவு டீசல் இருப்பு வைக்கலாம் என்னும் ஐயம் கிராமங்களில் அடிக்கடி எழுகிறது. 1934-ம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, டீசல் அடங்கிய இரண்டாம் வகுப்பு எண்ணெயை ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மிகாமலும், ஒரு கலம் 1,000 லிட்டருக்கு மிகாமலும் வைத்துக்கொள்ள லைசென்சு தேவையில்லை. எனினும், அவ்வளவையும் வைக்கோற்போரின் அருகிலோ மாட்டுக்கொட்டகையிலோ குடியிருக்கும் வீட்டினுள்ளோ வைப்பது தீ விபத்தை அழைப்பதாகும். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதை எடுத்துச்சொல்லி, தனியான ஓர் இடத்தில் வைக்கும்படி செய்வார்களானால் பெரும் நஷ்டங்கள் தவிரும்.

ஊரில் ஒரே வகை என்ஜின் பலரிடம் இருக்குமானால், எலிமெண்டுகளையும் ரப்பர் வளையங்களையும் மொத்தமாக வாங்கித் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்திருக்க ஏற்பாடு செய்யலாம். மதுரை நகரத்துக் கடைக்குச் சென்றுவரும் ஒருநாள் மிச்சமாகும். பருவம் தொடங்குமுன் ஒருநாளைக் குறித்து, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு, ஒரு கிணற்று மேட்டில் வடிகட்டி மாற்றுவதையும் ஏர் எடுப்பதையும் எல்லோருக்கும் செய்துகாட்டினால், நூறு துண்டுப் பிரசுரங்களைவிட அது பயன்தரும்.

சிறிய வயதிலிருந்தே மாட்டைப் பழக்கி, அதன் நோயறிந்து தீனியும் தண்ணீரும் கொடுத்து வளர்த்த குடியானவர்களுக்கு, என்ஜினைப் பராமரிப்பது பெரிய வித்தையன்று. மாட்டுக்குக் கலங்கல் தண்ணீரை வைக்கமாட்டாத விவசாயி, என்ஜினுக்குக் கலங்கல் எண்ணெயை ஊற்றாதிருப்பாரானால், வடிகட்டி நெடுநாள் உழைக்கும். அது அடைத்துக்கொண்ட காலத்தில் அதை எடுத்தெறியாமல் காலாகாலத்தில் மாற்றுவாரானால், என்ஜின் நெடுநாள் உழைக்கும். பயிர் தண்ணீர் கேட்கும் நாளில் கிணற்றில் தண்ணீரிருந்தும் வயல் காய்ந்தது என்னும் குறை நேராது.